ஒட்டுசுட்டான் வீட்டுக்கு ஸ்மார்ட் சுவிட்ச்: வாங்க முதல் பார்க்க வேண்டியவை

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். நீங்கள் வவுனியாவில் வேலை. அம்மாவும் அப்பாவும் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள். படலை லைட், விறாந்தை லைட், ஃபான், கிணற்று மோட்டர் எல்லாவற்றையும் போனிலிருந்து போட்டு நிறுத்த வேண்டும், கரண்ட் பில்லும் குறைய வேண்டும். கனடாவில் இருக்கிற அக்கா நாலு ஸ்மார்ட் பிளக் அனுப்பியிருக்கிறா. மிச்சத்துக்கு எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். பிராண்டைக் கடைசியில் பார்ப்போம். கேள்வியின் அடியில் இருப்பது என்று எனக்குப் படுவது இது: நீங்கள் பக்கத்தில் இல்லை, நெட் இல்லை, கரண்ட் போய் இப்போதுதான் வந்தது என்ற நேரத்தில் அந்த இரண்டு பேரும் இருட்டில் தடவாமல் இருப்பார்களா? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கனகாலமாக வீட்டு வயரிங் செய்துவருகிறேன். கடந்த சில வருடங்களாக இந்த ஸ்மார்ட் சாமான்களைப் பூட்டுவதும் கழற்றுவதுமே வேலையில் பெரும்பங்காகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுச் சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்பதை மட்டும் இங்கிருந்து சொல்ல ஏலாது.

முதலில் அக்கா அனுப்பிய பிளக். அதைக் குத்திப் பார்க்க வேண்டாம். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், எங்களுடையது 230. அங்கே விற்கிற ஸ்மார்ட் பிளக் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தது. அடப்டர் போட்டு எங்கள் பிளக் பேஸில் குத்தினால் உள்ளே இருக்கிற சின்ன மின்வழங்கி வெடித்துவிடும், தீயும் பிடிக்கலாம். பின்பக்கத்தில் 100–240 என்று அச்சடித்திருந்தாலும் அதன் தட்டைப் பின்னும் துவாரமும் இங்குள்ள சாமான்களுக்கு ஒத்துவராது. லண்டனிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயும் 230 வோல்ட், அதே சதுரப் பின் 13 அம்பியர் பிளக். இலங்கையும் அதையே தரமாக ஏற்றிருக்கிறது. சுவிஸ், ஜேர்மனி, நோர்வே சாமான்களுக்கு வோல்ட் சரி, பின் வேறு. எர்த் ஒழுங்காகப் பிடிக்காத அடப்டரில் தொங்கவிட வேண்டிவரும். இஸட்-வேவ் (வைபை போல ஸ்மார்ட் சாமான்கள் தமக்குள் கதைக்கிற ஒரு ரேடியோ முறை) என்று எழுதிய சாமான் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் ரேடியோ அலைவரிசை வட அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு வேறொன்று. ஒரு நாட்டுச் சாமான் மற்ற நாட்டுச் சாமானுடன் கதைக்காது.

இனி லைட். ஸ்மார்ட் பல்ப் வாங்க வேண்டாம், சுவிட்ச் பக்கத்தையே மாற்றுங்கள். ஸ்மார்ட் பல்ப்புக்குச் சுவரில் இருக்கிற சுவிட்ச் எந்த நேரமும் போட்டபடி இருக்க வேண்டும். அம்மா படுக்கப் போகும்போது வழமைபோல அதை நிறுத்துவா, அதோடு உங்கள் போனில் அந்தப் பல்ப் இல்லாமல் போய்விடும். வருடக்கணக்காக வந்த கைப்பழக்கத்தை மாற்றச் சொல்லுவது நியாயமும் இல்லை. தொட்டால் பத்துகிற கண்ணாடிச் சுவிட்சையும் வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். ஈரக்கையும் காய்ச்சுப்போன விரலும் அதில் சரியாகப் பிடிக்காது, இருட்டில் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க ஏலாது. நான் விரும்புவது, இருக்கிற சாதாரணச் சுவிட்சை அப்படியே விட்டு, அதன் பின்னால் சன்க் பொக்ஸுக்குள், அதாவது சுவரில் புதைத்த சுவிட்ச் பெட்டிக்குள், வைக்கிற சின்ன ரிலே (கரண்டால் இயங்குகிற சுவிட்ச்). மினி சுவிட்ச் என்று கடையில் கேட்டால் தருவார்கள். சுவரில் தட்டினாலும் பத்தும், போனில் தட்டினாலும் பத்தும். நெட் அறுந்தாலும், ரவுட்டர் செத்தாலும், சுவர்ச் சுவிட்ச் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கரண்ட் இருந்தால் கையால் லைட் போட முடிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இதற்கு ஒத்துவராத எந்தச் சாமானும் உங்கள் அம்மா அப்பாவின் வீட்டுக்குத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் முட்டுக்கட்டை வருகிறது. ரிலேக்கு உயிர் இருக்க எந்த நேரமும் லைவ் (வீட்டுக்குக் கரண்ட் வருகிற வயர்), நியூட்ரல் (கரண்ட் வீட்டைவிட்டுத் திரும்பிப் போகிற வயர்) இரண்டும் வேண்டும். எங்கள் வயரிங் முறையில் நியூட்ரல் நேரே கூரையில் இருக்கிற லைட்டுக்குப் போய்விடும். சுவிட்ச் பெட்டிக்குள் இறங்குவது லைவும், லைட்டுக்குத் திரும்புகிற வயரும் மட்டும்தான். பெட்டியைத் திறந்து இரண்டு வயரைப் பார்த்தவுடன் ஒன்று லைவ், மற்றது நியூட்ரல் என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது பிழை. நிறத்தையும் நம்ப வேண்டாம். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறமும் நீலமும். சுவிட்சிலிருந்து திரும்புகிற வயருக்கும் கையில் கிடைத்த கறுப்பையோ நீலத்தையோ இழுத்துவிட்டிருப்பார்கள். மீற்றர் வைத்துத்தான் சொல்லலாம். நியூட்ரல் இல்லையென்றால், சந்திப்புப் பெட்டியிலிருந்து ஒரு வயர் இறக்க வேண்டும். மீள்குடியேற்ற வீடுகள் பலவற்றில் சுவருக்கு வெளியே பிவிசி கேசிங் அடித்திருக்கும். அது பார்வைக்கு வடிவில்லாவிட்டாலும் இந்த வேலைக்கு வசதி: மூடியைக் கழற்றி ஒரு வயரைக் கிடத்திவிடலாம். பூச்சுக்குள் பைப் புதைத்த வீடு என்றால் பைப்பில் இடமிருந்தால் சரி, இல்லாவிட்டால் சுவரை வெட்ட வேண்டிவரும்.

நியூட்ரல் தேவையில்லை என்று விற்கிற சுவிட்சும் இருக்கிறது. அது லைட்டுக்கு ஊடாகவே மிகச் சின்னக் கரண்டை எடுத்துத் தன்னை உயிரோடு வைத்திருக்கும். பழைய குண்டு பல்ப் காலத்தில் அது பிரச்சினையே இல்லை. இன்றைய 5, 7 வாட் எல்ஈடிக்கு அந்தச் சின்னக் கரண்டே போதும். நிறுத்தின பிறகும் மங்கலாக எரியும், அல்லது கண் சிமிட்டும். லைட்டுக்குப் பக்கத்தில் கூடவே தருகிற கப்பாசிட்டரைப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், பல்ப்புக்குப் பல்ப் வேறுபடும். ஒரு பெட்டியில் போட்டுப் பார்த்துச் சரிவந்தால் மட்டும் மிச்சத்தை வாங்குங்கள்.

ஆனால் ஒன்றைச் செய்ய யாரையும் விட வேண்டாம். நியூட்ரல் இல்லாத பெட்டியில் பச்சை எர்த் வயரை நியூட்ரல் முனையில் கொடுத்துவிட்டு, "பாருங்கோ, வேலை செய்யுது" என்று காசை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வேலை செய்யத்தான் செய்யும். ஒரு ரிலே எடுப்பது சில மில்லி அம்பியர்தான், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக அறுக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியாது. இப்படி ஐந்தாறு சேர்ந்தபின் மழைநாளில் காரணமில்லாமல் ட்ரிப் விழத் தொடங்கும். அதைவிட மோசமானது, எர்த் வயர் எங்கேயாவது அறுந்த நாளில் அந்த ரிலே வழியாகக் கரண்ட் எர்த் கம்பி முழுவதிலும் ஏறி நிற்கும். பிரிஜின் கதவும், மோட்டரின் உடலும் தொட்டால் அடிக்கும். ஆளைக் கூப்பிடும்போது என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகர் ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படித்து வந்த பிள்ளைகள் இப்போது ஊர்களுக்குள் வேலை செய்கிறார்கள், கேட்டால் கிடைப்பார்கள். வேலை முடிந்தபின் "நியூட்ரல் எங்கேயிருந்து எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தடுமாறினால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

கிணற்று மோட்டருக்கு வருவோம், நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உண்மையில் முழு வீட்டிலும் கவனம் தேவைப்படுவது அதற்குத்தான். ஸ்மார்ட் பிளக்கில் 16 அம்பியர் என்று எழுதியிருக்கும், ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பது 5, 6 அம்பியர். கணக்குச் சரிபோலத் தெரியும். ஆனால் அந்த 16 என்பது கீற்றர் போன்ற நேரான சுமைக்கு. மோட்டர் புறப்படும் கணத்தில் ஓடும் கரண்டைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும், நிறுத்தும்போது தீப்பொறி அடிக்கும். கொஞ்ச நாளில் ரிலேயின் இரண்டு முனையும் ஒட்டிப்போகும். அதற்குப் பிறகு செயலியில் நிறுத்தினதாகக் காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆடி ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்குப் போன நேரம் இது நடந்தால், தண்ணி இல்லாமல் ஓடி சீல் எரிந்து, பிறகு மோட்டரே போய்விடும். ஆகவே இடையில் கொண்டாக்டர் போடுங்கள்; அது மோட்டர் போன்ற சுமைக்கென்றே செய்த பெரிய ரிலே. ஸ்மார்ட் ரிலே கொண்டாக்டரின் கொயிலுக்கு (அதை மூடுகிற காந்தச் சுருளுக்கு) மட்டும் கரண்ட் கொடுக்கும், மோட்டரின் கரண்டைக் கொண்டாக்டர் தாங்கும். ஒரு குதிரைவலுவுக்கு ஏசி-3 (மோட்டர் சுமைக்கான) வகையில் 9 அல்லது 12 அம்பியர் கொண்டாக்டர் போதும். மோட்டர் அளவுக்கு மீறி இழுத்தால் அறுக்கிற ஓவர்லோட் ரிலேயும் சேர்த்துப் போட்டால் நல்லது. கொயிலுக்குப் போகிற வயரில் தாங்கி நிரம்பினால் அறுக்கிற மிதவைச் சுவிட்ச் ஒன்று, கிணற்றில் தண்ணி இறங்கினால் அறுக்கிற மிதவைச் சுவிட்ச் ஒன்று. இரண்டும் சாதாரண, நெட் தெரியாத சாமான்கள். அதுக்கு மேல் செயலியில் நாற்பது நிமிடத்தில் தானாக நிற்கும்படி போட்டுவிடுங்கள். கிணற்றடியில் கையால் முழுதாக அறுக்கிற சுவிட்சும் இருக்க வேண்டும். மோட்டரில் கை வைக்க முதல் அப்பா அதை நிறுத்த வேண்டும். போனில் நிறுத்தியதை நம்பி எவரும் வயரைத் தொடக்கூடாது.

கரண்ட் போய் வருவதைப் பற்றி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் இப்போது இல்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9 போல நாடு முழுக்க ஒரேயடியாகப் போன நாளும் உண்டு, எங்கள் பக்கத்தில் காற்றுக்கும் மரக்கொப்புக்கும் போவது வழக்கம். ஒவ்வொரு ஸ்மார்ட் சுவிட்சுக்கும் கரண்ட் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும்: நின்றபடி, ஓடியபடி, அல்லது கடைசியாக இருந்தபடி. பலர் அதைத் தொட்டும் பார்ப்பதில்லை. மோட்டருக்கு "நின்றபடி" என்பதுதான், மறுபேச்சில்லை. லைட்டுக்குக் "கடைசியாக இருந்தபடி" போடலாம். இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து வீடு முழுக்கப் பத்தி எழுப்பும்.

மலிவான வைபைச் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்குள் தனி மணிக்கூடு இல்லை. நேரத்தை நெட்டிலிருந்து எடுக்கும். ஆறு மணிக்கு லைட் போடு என்று நீங்கள் சொன்னது அதன் நினைவில் இருந்தாலும், கரண்ட் வந்து நெட் வராத மாலையில் அதற்கு இப்போது ஆறு மணியா என்று தெரியாது. நீண்ட வெட்டுக்குப் பிறகு போன் கோபுரம் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன டிசி யூபிஎஸ் (பட்டரிப் பெட்டி) வைத்தால் அது அணையாமல் நிற்கும். கரண்ட் வந்தவுடன் சுவிட்சுகள் கெதியாக இணையும். வாங்க முதல் ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பாருங்கள். இன்னொன்று: ரவுட்டரை மாற்றினால் பழைய வைபைப் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதில் கொடுங்கள். பெயர் மாறினால் ஒவ்வொரு சுவிட்சாகத் திரும்பச் சேர்க்க ஒட்டுசுட்டானுக்குப் போய் இருக்க வேண்டிவரும். இந்தச் சுவிட்சுகளில் அனேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் என்பதையும், தகரம் அடித்த கூரையும் பத்தியும் (சாய்ப்பும்) வைபையை மறிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படலை லைட்டை அதனால்தான் இந்தக் கூட்டத்திலேயே சேர்க்க வேண்டாம் என்கிறேன். வீட்டிலிருந்து முப்பது மீற்றர் தள்ளி, நடுவில் தகரப் பத்தி, வைபை எட்டினாலும் விட்டுவிட்டுத்தான் எட்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானை வளவுக்குள் வருவது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பாம்பும் அப்படித்தான். அந்த லைட் எரிவதா இல்லையா என்பது கோபுரத்தின் கையில் இருக்கக்கூடாது. பொழுதுபட்டால் பத்தி, விடிந்தால் நிற்கிற ஒளியுணர் சுவிட்ச் ஒன்று போடுங்கள். விலையும் குறைவு, பாஸ்வேர்டும் இல்லை. சென்சரில் அந்த லைட்டின் வெளிச்சமே படாமல் மேலே பார்க்கத் திருப்பி வைத்தால் சரி, இல்லாவிட்டால் இரவு முழுக்கப் பத்திப் பத்தி நிற்கும். வெளி மலசலகூடத்துக்குப் போகிற வழிக்கு ஆள் அசைந்தால் பத்துகிற லைட். நாய் ஓடினாலும் பத்தும், பரவாயில்லை.

பில் குறையுமா? ஸ்மார்ட் சுவிட்சால் குறையும் என்று விளம்பரம் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். ஒவ்வொரு சுவிட்சும் சும்மா நிற்கும்போதே அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரை எடுக்கும். ஒரு வாட் என்று வைத்தால் பத்துச் சுவிட்சுக்கு மாதம் 7.2 யூனிட். அம்மா 9 வாட் விறாந்தை லைட்டை ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் நிறுத்த மறந்தாலே மாதம் 2.16 யூனிட்தான் வீண். இப்போதைய கட்டண முறையில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூட. 55, 58 என்று ஓடுகிற வீட்டை இந்தச் சுவிட்சுகளே அந்தக் கோட்டுக்கு அங்கால் தள்ளிவிடலாம். பில்தான் கவலை என்றால் பழைய 75 வாட் ஃபானை 30 வாட் அளவு எடுக்கிற பிஎல்டிசி ஃபானாக மாற்றுங்கள். நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுற்றினால் மாதம் 13.5 யூனிட் மிச்சம். அது ரிமோட்டோடு வருகிறது, ஃபானுக்கு ஸ்மார்ட் சுவிட்ச் என்ற கதையும் அதோடு முடிந்தது. லைட்டுக்குச் செய்த டிம்மரை மட்டும் எந்த ஃபானுக்கும் கொடுக்க வேண்டாம், மோட்டர் இரைந்து சூடாகும். யூனிட் அளக்கிற ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கிப் பழைய பிரிஜில் ஒரு கிழமை வைத்து, எவ்வளவு தின்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றி எடுங்கள். பிரிஜில் நிரந்தரமாக விடாதீர்கள். தவறி விரல் பட்டால் அப்பாவின் இன்சுலின் பழுதாகிவிடும். அயன், கீற்றர் போன்றவற்றை ஆளில்லாத இடத்திலிருந்து போடுகிற வசதியே தேவையில்லை.

மின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி எங்கள் வெளிகளில் எப்படி இறங்கும் என்பது தெரியும்தானே. ரவுட்டரைக் கழற்றி வைக்கலாம், சுவருக்குள் இருக்கிற ரிலேயைக் கழற்ற ஏலாது. மெயினை நிறுத்துகிற எங்கள் ஆட்களின் பழைய பழக்கம் இப்போதும் நல்லது. அதை விட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். டிபியில் (மெயினும் ட்ரிப் சுவிட்சும் இருக்கிற பெட்டியில்) திடீர் வோல்ட் ஏற்றத்தைத் தடுக்கிற சேர்ஜ் பாதுகாப்புச் சாதனம் போடலாம், ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அது அலங்காரப் பொருள். ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை அமத்தி விழுந்தால் எர்த்தும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் ட்ரிப்பை மட்டும்தான் சோதிக்கும். எர்த் கம்பியை அதற்குரிய மீற்றரால் அளக்க வேண்டும், அதுவும் நிலம் காய்ந்துகிடக்கிற காலத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

பிராண்ட்: சொனொஃப், துயா வகை இரண்டும் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது, இரண்டையும் பூட்டியிருக்கிறேன். மூன்று நாலு சுவிட்சுக்கு வைபையே போதும். பத்துக்கு மேல் போனால் 4ஜி ரவுட்டர் திணறலாம்; அப்போது வைபைக்குப் பதில் ஸிக்பீ என்ற ரேடியோ முறையில் வேலை செய்கிற சுவிட்சுகளும், அவற்றைச் சேர்த்து நடத்துகிற ஒரு ஹப்பும் நல்லது. நெட் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே கட்டளை போகிற ஹப்பாகப் பார்த்து எடுங்கள். 2022 ஒக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரம் எழுதிய சாமான் கிடைத்தால் பிறகு கம்பனி மாற வசதியாக இருக்கும். எது எத்தனை வருடம் உழைக்கும் என்று உறுதியாகச் சொல்லுகிறவரை நம்ப வேண்டாம். ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று போய் மற்றது நிற்கிறதைப் பார்க்கிறோம். எதை வாங்கினாலும் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறவுங்கள். பூட்ட வந்தவர் தன் போனில் திறந்து தந்தால், அம்மாவின் வீட்டு லைட்டும் மோட்டரும் அவருடைய போனில்தான் இருக்கும். உங்கள் கணக்கிலிருந்து அப்பாவின் போனுக்குப் பங்கு கொடுக்கலாம்.

இப்போதைக்கு விறாந்தைக்கு ஒரு மினி ரிலே, படலைக்கு ஒளியுணர் சுவிட்ச், இவ்வளவோடு தொடங்குங்கள். மோட்டரை ஆள் பிடித்து ஒரேயடியாக ஒழுங்காகச் செய்யலாம். அடுத்தமுறை வீட்டுக்குப் போகும்போது மெயினை நிறுத்திவிட்டு, விறாந்தைச் சுவிட்ச் பெட்டியைக் கழற்றி உள்ளே தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். டிபியையும் மூடி திறக்காமல் வெளியிலிருந்து ஒரு படம். நியூட்ரல் இறக்க வேண்டிவருமா என்று அதைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.